எட்டாம் திருவிழா, பக்கம் ஏ

அந்தக் கசெற்றின் முகத்தில் நீலப் பேனையால் எழுதியிருந்ததில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது "நயினை 8ம் திருவி" என்ற அளவுதான். மிச்ச எழுத்தைக் கிளாலிக் கடல்நீரேரியின் உப்புத் தண்ணீர் கரைத்துவிட்டது. பி பக்கத்தில் ஒட்டியிருந்த தாள் எங்கேயோ கழன்று போயிற்று. நாடாவைச் சுற்றும் இரண்டு பல்சக்கரங்களில் ஒன்றில் ஒரு பல் இல்லை. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி உடைந்த பல் அது. உடைத்தது நானாகத்தான் இருக்கும்.

1982 ஆனியில், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் மகோற்சவத்தில் என் குஞ்சியப்பு பதிவு செய்த கசெற் அது. குஞ்சியப்பு என் ஐயாவின் கடைசித் தம்பி. புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்துப் பேரெடுத்திருந்த காலம். அவரும் புறக்கோட்டையில் ஊரவர் ஒருவருடைய கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சவூதியில் இருந்து திரும்பிய கூட்டாளி ஒருவரிடம் அரை விலைக்கு வாங்கிய கசெற் ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு யாழ்தேவியில் ஏறினார். யாழ்ப்பாணத்தில் இறங்கி, பஸ் பிடித்து, பண்ணைப் பாலமும் வேலணையும் வாணர் தாம்போதியும் கடந்து ஊருக்கு வந்தார். அடுத்த நாள் பின்னேரம் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினார். ரேடியோவில் ஆறு பற்றறி, மடியில் இரண்டு வெற்றுக் கசெற். ஒன்றில் என்ன பதிந்தாரென்று அவருக்கே நினைவில்லை. மற்றதுதான் இது.

அன்றைய கசெற் ரேடியோக்களில் ஒலிவாங்கி உடம்போடு சேர்ந்தே இருக்கும். பதியும் சத்தத்தைக் கையால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இயந்திரம் தானாகவே சரிசெய்துகொள்ளும். பெரிய சத்தம் வந்தால் உடனே தன்னை ஒடுக்கும். சத்தம் ஓய்ந்தால் மெல்ல மெல்லக் காதைத் திறக்கும். ஆகவே தவில் முழங்கும்போது பதிவில் தவிலைத் தவிர வேறொன்றும் இராது. தவில்காரர் கையெடுத்து ஒரு மூச்சு விட்டால் போதும், அந்த இடைவெளிக்குள் சனத்தின் பேச்சு, குழந்தை அழுகை, கடற்காற்று எல்லாம் பொங்கிக்கொண்டு மேலே வரும். மறுபடி அடி விழ, எல்லாம் அமுங்கும். முழுப் பதிவும் இப்படி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஒலிப்பதிவுக் கலை தெரிந்தவர் இதைக் குறை என்பார். எனக்கு இந்த மூச்சுத்தான் பதிவின் உயிர் என்று தோன்றுகிறது. காரணம் பிறகு வரும்.

தீவுக் கோயில்களுக்கு அளவெட்டி, இணுவில் பக்கத்தில் இருந்து வித்துவான்கள் வந்து இரவிரவாக மேளச்சமா வைத்த காலம் அது. தவிலுக்கு யாழ்ப்பாணம் தனிப்பேர் பெற்றது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியால். 1933இல் பிறந்து 1975இல், 41 வயதில் போய்விட்ட அந்த மேதையின் கைவேகத்தை இன்றைய பிள்ளைகள் கேட்கக் கூடியதாக இருப்பதற்கு, கோயில் வீதிகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்க் குந்திய ரசிகர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். அம்சன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றபோது நான் முதலில் நினைத்தது அந்தப் பேர் தெரியாத ரசிகர்களைத்தான். குஞ்சியப்புவும் அந்த வரிசையில் வந்தவர். அவர் பதிந்த இரவில் தெட்சணாமூர்த்தி மறைந்து 7 வருடம். தவிலில் இருந்தவர் அளவெட்டிப் பக்கத்து வித்துவான். அந்தப் பாணியின் வேகமும் கணக்கும் கையில் ஊறியவர்.

தவிலைப் பதிவது லேசில்லை. பலா மரத்தைக் குடைந்து செய்த உடல். வலந்தலையைக் கூடு போட்ட விரல்களால் அடிப்பார்கள். துணியைச் சுற்றிப் பசை பூசிக் காயவைத்து, கல்லு மாதிரி இறுகிப்போன கூடு. தொப்பியைக் கழியால் அடிப்பார்கள். கூடு தோலைத் தொட்ட கணத்தில், ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குக்குள், ஒலி உச்சிக்குப் போய்விடும். பிறகு தோல் அதிர்ந்து, பலாவின் வயிறு அதிர்ந்து, ஒரு வால் நீளும். அடியின் கூர்மையும் வாலின் நீளமும் சேர்ந்ததுதான் தவில். இரண்டில் ஒன்றை வெட்டினாலும் தகரம் தட்டிய சத்தம்தான் மிஞ்சும்.

இப்படிப்பட்ட ஒலியை அன்று தாங்கிய நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. 1963இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் முதன்முதலாகக் காட்டிய கசெற், பேச்சைப் பதிய வந்த சாதனம். நொடிக்கு 4.76 சென்ரிமீட்டர் என்ற ஆமை வேகத்தில் நாடா ஓடும். 90 நிமிடக் கசெற்றுக்குள் சுருண்டிருப்பது சுமார் 130 மீட்டர் நாடா. நயினாதீவின் ஒரு திருவிழா இரவு அந்த 130 மீட்டரில் பழுப்புத் தூளாய் ஒட்டிக்கொண்டது.

லீவு முடிந்து கொழும்புக்குப் போகும்போது குஞ்சியப்பு ரேடியோவைக் கொண்டுபோனார். கசெற்றை ஆச்சி விடவில்லை. "அம்மாளின்ரை மேளம் வீட்டிலை இருக்கட்டும்" என்று சுவாமித் தட்டில் வைத்துவிட்டா. 1983 ஜூலையில் புறக்கோட்டைக் கடை எரிந்தது. கடை மேல்மாடியில் இருந்த அவருடைய பெட்டியும் ரேடியோவும் எரிந்தன. உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்த மனுசன் சுவாமித் தட்டில் அந்தக் கசெற்றைக் கண்டு கனநேரம் நின்றாராம். போட்டுக் கேட்க வீட்டில் ஒரு கருவியும் இல்லை.

நான் அதை முதன்முதல் கேட்டது 1992இல், கொக்குவிலில். அதற்கு முந்தின வருடம் ஒக்ரோபரில் இராணுவம் தீவுப்பகுதியைப் பிடித்தபோது ஊர் முழுக்க எழும்பி வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதில் இருந்து மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். வெயிலில் காயவைத்தும், தட்டி நசுக்கியும், உப்புத் தண்ணீர் விட்டும் செத்த பற்றறிகளுக்கு உயிர் கொடுத்துப் பார்த்துக் கடைசியில் எல்லாரும் சைக்கிள் டைனமோவுக்கு வந்து சேர்ந்தோம்.

அந்த அமைப்பை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். பின்சில்லில் டைனமோ முட்டிக்கொண்டிருக்கும். அதில் இருந்து வரும் 6 வோல்ற் மாறுமின்னோட்டத்தை நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் நேராக்கிக் கொடுக்கும். கொண்டென்சர் பெரிதாக இல்லாவிட்டால் பாட்டுக்குள் உறுமல் வரும். மிதியைக் கையால் சுற்றுவது என் வேலை. எனக்கு அப்போது 10 வயது. கை சோர்ந்தால் நாதஸ்வரத்தின் சுருதி இறங்கும்; தவில் நடை தளரும். "தம்பி, ஆள் நித்திரையோ? மல்லாரி படுத்திட்டுது" என்று குஞ்சியப்பு உள்ளே இருந்து சத்தம் வைப்பார். உசாராய்ச் சுற்றுவேன், வித்துவானும் எழும்பிவிடுவார். சங்கீதத்தில் காலப்பிரமாணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது தோள்மூட்டு நோவின் வழியாக. பிறகு எத்தனையோ கருவிகளில் எத்தனையோ கேட்டுவிட்டேன். ஓர் இசையை என் கையால் நடத்திச் சென்ற அனுபவம் அந்தப் பின்வளவோடு சரி.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்தது. மழை. அந்த நெரிசலில் கசெற் குஞ்சியப்புவின் மனைவி குஞ்சியாச்சியின் பையில், அடையாள அட்டைகளோடும் காணி உறுதிகளோடும் ஒரே பொலித்தீனுக்குள் கிடந்தது. சாவகச்சேரியில் சில கிழமை இருந்துவிட்டு, கிளாலியில் படகேறி வன்னிக்குப் போனோம். பையில் தண்ணீர் ஏறியது அங்கேதான். அதே வருடம் ஜூலை 14ஆம் திகதி, ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவன ஆய்வாளர்கள் தங்கள் ஒலிச் சுருக்க முறையில் உருவாகும் கோப்புக்கு எம்பி3 என்ற பின்னொட்டை முடிவு செய்திருந்தார்கள். படகில் நனைந்துகொண்டு போன அந்த நாடாவை ஒருநாள் அந்த மூன்றெழுத்து வந்து பிடிக்கும் என்பது எங்களில் ஆருக்குத் தெரியும்?

கசெற் பிறகு வவுனியாவுக்குப் போனது. அங்கிருந்து குஞ்சியப்புவின் மகள், என் அக்கா, கலியாணம் முடித்துக் கனடா போகும்போது சீலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனா. ரொறன்ரோவில் ஒரு நிலவறைப் பெட்டிக்குள் பல வருடம் இருந்தது. குஞ்சியப்புவும் குஞ்சியாச்சியும் சண்டை முடிந்தபின் ஊருக்குத் திரும்பி, கூரை போன வீட்டைக் கட்டி எழுப்பிக்கொண்டு இருந்துவிட்டார்கள். குஞ்சியாச்சி 2014இல் போனா. அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு அந்தக் கசெற் நினைவு வந்தது. ஓர் ஒலிக்கூடத்தில் கொடுத்து, துப்புரவாக்கி, எம்பி3 ஆக்கி எனக்கு அனுப்பினா. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து அதைத் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டுபோய்க் குஞ்சியப்புவின் காதருகே பிடித்தேன். ஒரு நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

"உதை நிப்பாட்டு தம்பி. உது நயினை இல்லை."

"ஏன் குஞ்சியப்பு? அதே கசெற்தான்."

"கிணத்துக்குள்ளை இருந்து அடிக்கிற மாதிரிக் கிடக்கு. சனத்தைக் காணேல்லை. காத்தைக் காணேல்லை."

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. இரைச்சல் நீக்கும் மென்பொருள் என்ன செய்கிறதென்றால், பதிவில் இசை இல்லாத ஓரிடத்தைக் காட்டி "இதுதான் இரைச்சல்" என்று சொல்லிக்கொடுத்தால், அதே சாயலில் உள்ளதை முழுப் பதிவிலும் தேடித் தேடிக் கழிக்கும். அளவோடு செய்தால் நல்லது. அளவு மீறினால் தவிலின் வாலையும் இரைச்சல் என்று எண்ணி நறுக்கிவிடும். மிஞ்சுவது தண்ணீருக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். அதற்கு மேல் எம்பி3. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் வரும் சின்னச் சத்தத்தை மனிதக் காது கவனிக்காது என்ற அறிவை வைத்து, கவனிக்கப்படாதவற்றைத் தூக்கி எறிவதே அதன் வழி. அருமையான கண்டுபிடிப்புத்தான், மறுப்பில்லை. ஆனால் பிட் எண்ணிக்கையை மிகவும் குறைத்தால், திடீரென்று வெடிக்கும் ஒலிகளில் அது தடுமாறும். அடி விழுவதற்கு ஒரு கணம் முன்னமே அதன் நிழல் விழுந்துவிடும். தவில் முழுக்க முழுக்க வெடிப்புகளால் ஆனது. குஞ்சியப்புவின் காது அந்த நிழலைப் பிடித்துவிட்டது.

அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனை வைத்தா. அடுத்த மாரிகாலம் முழுவதும் அவ செய்தது பெரிய வேலை. பழைய கசெற் டெக் ஒன்று வாங்கினா. கசெற்றின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, நாடாவை அப்படியே தூக்கிப் புதுக் கூட்டுக்குள் வைத்தா. நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு துருவேறிக் கழன்றிருந்தது. புதுக் கூட்டில் அந்தக் குறை தீர்ந்தது. பிறகு தலையின் சரிவு. பதிந்த கருவியின் தலை நாடாவுக்குச் செங்குத்தாக இல்லாமல் ஒரு மயிரளவு சரிந்திருந்தால், கேட்கும் கருவியின் தலையும் அதே மயிரளவு சரிந்தால்தான் மேல்சுரங்கள் துலங்கும். தலைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஆணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகிக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைமணியின் கிணுக்கை அடையாளமாக வைத்து, அது எந்த இடத்தில் ஆகக் கூர்மையாக ஒலிக்கிறதோ அங்கே நிறுத்தினேன் என்று அக்கா சொன்னா. எந்த மென்பொருளாலும் பின்னால் போட முடியாத வேலை இது. டெக்கில் கோட்டை விட்டால் விட்டதுதான்.

அதன்பிறகு கணினிக்குள் ஏற்றம். ஒலியை எண்ணாக்குவது என்றால், அலையின் உயரத்தை அடுக்கடுக்காக அளந்து எழுதிக்கொண்டே போவது. 1982 ஒக்ரோபரில், அதாவது குஞ்சியப்பு பதிந்து சில மாதத்தில், யப்பானில் விற்பனைக்கு வந்த சீடி நொடிக்கு 44,100 தடவை அளந்தது. ஒவ்வொரு அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகள் கொண்ட அளவுகோலில் விழுந்தது. அக்கா எடுத்தது நொடிக்கு 96,000 தடவை, 24 பிட். அந்த அளவுகோலில் 1 கோடியே 67 இலட்சம் படிகள். ஒலி, காணொளிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் எண்ணாக்கத்துக்குக் குறைந்தது 24 பிட், 48,000 என்று வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. காப்பகங்கள் பல 96,000ஐ எடுத்துக்கொள்கின்றன. ஒற்றைத் தடமாக எடுத்தும் 90 நிமிடம் ஒன்றரை ஜிபிக்குச் சற்று மேலே வந்தது. ஃபிளாக் முறையில் சுருக்கியபோது சுமார் 1 ஜிபி.

ஃபிளாக்கை ஜோஷ் கோல்சன் என்பவர் எழுதினார். முதலாம் பதிப்பு 2001இல் வந்தது. எம்பி3 போல அது எதையும் எறியாது. பாயை மடித்துக் கட்டிக் கொண்டுபோய் விரித்தால் அதே பாய் வருவதுபோல, விரிக்கும்போது ஒரு பிட் பிசகாமல் வரும். எனக்கு அதில் ஆகப் பிடித்த சங்கதி இன்னொன்று. கோப்பின் தலையில், உள்ளே உள்ள ஒலி முழுவதுக்குமான கையொப்பம் ஒன்று, எம்டி5 என்று சொல்லும் 32 எழுத்து, பொறித்திருக்கும். பத்து வருடம் கழித்து விரித்துப் பார்த்து, கையொப்பம் பொருந்தினால் ஒன்றும் கெடவில்லை. பொருந்தாவிட்டால் எங்கோ அரித்துவிட்டது. 1981இல் ஒரு நூலகத்தோடு 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஊர்க்காரனுக்கு, ஒரு பொருள் தான் முழுசாக இருக்கிறேனா என்று தானே சொல்லக் கூடியது எவ்வளவு பெரிய ஆறுதல்! 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எங்கள் ஏடுகளையும் பத்திரிகைகளையும் ஒலிகளையும் எண்ணாக்கி வைப்பதன் அருமையை நான் முழுசாக உணர்ந்தது அந்த 32 எழுத்தைப் பார்த்தபோதுதான்.

இவ்வளவும் தேவையா? நேர்மையாகச் சொல்ல வேண்டும். கசெற்றின் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடைப்பட்ட தூரம் 50 டெசிபெல் அளவுதான். 16 பிட்டே 96 டெசிபெல் தாங்கும். அந்த ரேடியோ பிடித்த மேல்சுரங்களுக்கு 44,100 தாராளமாகப் போதும். 2007இல் அமெரிக்காவில் மேயர், மொரான் என்ற இருவர் உயர்தெளிவு ஒலியையும் சீடி அளவுக்குக் குறைத்த அதே ஒலியையும் மாறி மாறிப் போட்டுக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கேட்டவர்களின் விடைகளில் கிட்டத்தட்டப் பாதிதான் சரி. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். 2016இல் ஜோஷுவா றீஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 வீதம் வந்தது. வித்தியாசம் இருக்கிறது, மிக மெல்லியது. ஆகவே 96,000 என்ற எண்ணைக் காட்டி ஒலி சொர்க்கத்தில் இருந்து இறங்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். நாடா பிடிக்காததை எந்த எண்ணும் பிடித்துத் தராது. அக்கா அந்த அளவில் எடுத்ததற்குக் காரணம் வேறு. எது வேண்டும், எது வேண்டாம் என்று இன்றைக்கு நாங்கள் தீர்மானிக்காமல் விடுவதற்கு அது இடம் தருகிறது. பின்னால் வருபவன் சுத்தப்படுத்தட்டும், வெட்டட்டும், சின்னதாக்கட்டும். மூலம் மூலமாகவே கிடக்கட்டும். அவ ஒரே ஒரு வெட்டுத்தான் வைத்தா. ஏ பக்கம் முடியும் இடத்தையும் பி பக்கம் தொடங்கும் இடத்தையும் ஒட்டி, நடுவில் இரண்டு நொடி மௌனம் விட்டா.

கோப்பு பென் டிரைவ் ஒன்றில், விடுமுறைக்கு வந்த மருமகனின் சட்டைப் பையில் இலங்கைக்குத் திரும்பியது. நான் அதைப் பழைய மடிக்கணினியில் ஏற்றினேன். வாசிக்கும் மென்பொருள் ஃபூபார்2000. போலந்துக்காரரான பீட்டர் பவ்லோவ்ஸ்கி எழுதி 2002 கடைசியில் வெளிவிட்டது. மினுக்குப் பூச்சு ஒன்றும் இல்லாத சாம்பல் பெட்டி, வேலையில் சுத்தம். ஆனால் கோப்பு 96,000 என்றாலும் காதுக்கு வந்தது 48,000தான். வின்டோஸ் பல மென்பொருள்களின் ஒலியை ஒன்றாகக் கலந்து, ஒரே வேகத்துக்கு மாற்றி வெளியே அனுப்பும். குறிகட்டுவான் துறை மாதிரித்தான்: அரிசி மூட்டை, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளை, பெரியவர் எல்லாரும் ஒரே வள்ளத்தில். பெரும்பாலும் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தனி வள்ளம் பிடிக்கவும் வழி உண்டு. 2007இல் விஸ்டாவோடு வந்த வாசாபி என்ற பாதையில் தனியுரிமை முறையைத் தேர்ந்தால், அந்த ஒரு மென்பொருள் மட்டும் ஒலிக்கருவியைக் கையில் எடுத்துக்கொள்ளும். இடையில் கலப்பதும் மாற்றுவதும் கிடையாது. யூ.எஸ்.பியில் குத்தும் தீப்பெட்டி அளவான மாற்றி ஒன்றை வாங்கிச் செருகி, அந்த முறைக்கு மாற்றியபோது திரையில் 96,000 விழுந்தது.

போன வருடம் ஆனி மாதத்தில்தான் கொண்டுபோனேன். குஞ்சியப்புவுக்கு 80 கடந்துவிட்டது. கண் மங்கல், காது மட்டும் சொன்னபடி கேட்கும். விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். இரண்டு சின்ன ஒலிபெருக்கிகளை வாங்கில் வைத்துச் செருகினேன்.

"கசெற்றை எங்கை போடுறது?"

"கசெற் இல்லைக் குஞ்சியப்பு. எல்லாம் இதுக்குள்ளை."

முதலில் வந்தது உறுமல். கணினியின் சார்ஜரில் இருந்து ஏறும் 50 ஹேர்ட்ஸ் உறுமல். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. கொக்குவிலில் கொண்டென்சர் காணாமல் போனபோது வந்த அதே உறுமல். சார்ஜரைச் சுவரில் இருந்து பிடுங்கினேன். மின்சாரம் அற்றுப் போனதும் அம்மன் வாசலுக்கு வந்துவிட்டா.

கைமணி கிணுங்கியது. மல்லாரி எழும்பியது. தவில் முதல் முத்தாய்ப்பு வைத்தபோது அவருடைய வலக்கை விரல்கள் கதிரைக் கட்டையில் விரிந்தன. தவில்காரர் கையெடுத்தார், பதிவு மூச்சிழுத்தது, சனம் பொங்கி மேலே வந்தது. அதற்கு அடியில் ஒரு தாளமான துடிப்பு, டுக்குடுக்கு என்று. எம்பி3இல் அது இல்லை. இரைச்சல் என்று முதலில் கழித்தது அதைத்தான்.

குஞ்சியப்பு நிமிர்ந்து இருந்தார்.

"லைற் எஞ்சின்" என்றார். "தெற்கு வீதி மூலையிலை வைச்சவங்கள். அதிலை இருந்து நாலு முழம் தள்ளித்தான் நான் குந்தினனான். வெளிச்சத்துக்குக் கிட்ட இருந்தால்தான் கசெற் முடியிறது தெரியும். சத்தம் பிடிக்குமே எண்டு பயந்து சால்வையை மடிச்சு ரேடியோவுக்கு முதுகுப் பக்கம் நிப்பாட்டினனான். பிடிச்சுத்தான் கிடக்கு."

அந்தத் துடிப்பை வைத்துக்கொண்டு அவர் வீதியைக் கட்டி எழுப்பினார். எஞ்சின் இந்தப் பக்கம் என்றால் நாதஸ்வரக்காரர் அந்தப் பக்கம். பொரிகடலைக்காரி எங்கே இருந்தா, கோபுர வாசலில் இருந்து எத்தனை அடி, காற்று எந்தத் திசையில் என்று எல்லாம் வந்தது. நயினாதீவு 2024இலும் டீசல் மின்பிறப்பாக்கியில்தான் விளக்கெரித்தது. நெடுந்தீவு, அனலைதீவோடு சேர்த்து அங்கேயும் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்க இந்தியாவின் நிதியுதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. நல்லது நடக்கட்டும். அந்த எஞ்சின் சத்தம் தீவை விட்டுப் போகும் நாளில், 1982இன் எஞ்சின் ஒன்று இந்தக் கோப்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

45ஆவது நிமிடம் நெருங்கியது. தவில் தனியாவர்த்தனத்தில் இருந்தது, ஆதி தாளம். அவர் முகம் இறுகியது.

"பார், இவ்விடத்திலை அறுபடும்."

சொல்லி வாய் மூடவில்லை, டக்கென்று அறுந்தது. அக்கா விட்ட மௌனம்.

"பொறு. நிப்பாட்டு."

நிறுத்தினேன்.

"கசெற்றைக் கழட்டிப் பிரட்டிப் போடுறதுக்குள்ளை மூண்டு ஆவர்த்தனம் போட்டுது. கை நடுங்கிச்சுது எனக்கு. அதுக்குள்ளைதான் மனுசன் ஒரு அடுக்கு வைச்சவர்."

கதிரைக் கட்டையில் விரல்கள் இறங்கின. முதல் ஆவர்த்தனம் நிதானமாக. இரண்டாவதில் இடக்கை உள்ளங்கையால் தொப்பி அடியைப் போட்டார். மூன்றாவதில் அடிகள் நெருங்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, கட்டை முழுவதும் அதிர்ந்தது. மூச்சு வாங்கியது. கண்ணைத் திறக்காமலே தலையை அசைத்தார்.

"இப்ப விடு."

விட்டேன். பி பக்கத்தின் முதல் அடி அவருடைய விரல் எழும்பிய இடத்தில் வந்து விழுந்தது.